காலி நாற்காலிக்கு ஒரு காபி

இல்லைங்க, இங்க யாரும் வரல, தாராளமா உக்காருங்க. ஆனா ஒரு சின்ன உதவி. நாற்காலியை அப்படி இழுக்காம இப்படி, தூணை ஒட்டினாப்பல போட்டுக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும் போதும். இப்ப உங்க தலை எனக்கு நல்ல மறைப்பு. என்னடா இவ நம்மளைத் தட்டி மாதிரி நிறுத்தி வைக்கிறாளேன்னு நெனைக்காதீங்க. நெனைச்சாலும் தப்பில்ல, அதுதான் உண்மை.

பாட்டு கேக்க வந்தீங்களா? தனியாவா? ம்ம். சும்மாதான் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, தலையெல்லாம் படிய வாரி, கம்மல் மாத்திக்கிட்டு, ஒரு பொம்பள தனியா காபிக்கடைக்கு வந்தா கேக்கத் தோணுதில்ல. நானும் தனியாத்தானே உக்காந்திருக்கேன்னா? வாஸ்தவம். ஆனா பாருங்க, நான் கம்மல் மாத்தல.

க்க்கும். ஒண்ணுமில்ல, தொண்டை. பதினெட்டு வருஷமா இந்தச் செருமல் என்னை விட்டுப் போகல. துணி தூசி.

ஒண்ணு கேக்கலாமா? பாடுறவங்களுக்கு நேர் எதிர்ல மூணாவது மேசை. சாம்பல் கலர் சட்டை. ஐயோ, திரும்பாதீங்க! அப்படியா திரும்புவாங்க, கோழி மாதிரி? பையில எதையோ தேடுற மாதிரி குனிஞ்சு, மெதுவா... ஆங். அவரைத் தெரியுமா உங்களுக்கு? நல்லா யோசிச்சு சொல்லுங்க. முன்னப்பின்ன பாத்ததே இல்ல? சரி. நம்புறேன். ஏன்னா உங்க கை சும்மா இருந்துச்சு. பொய் சொல்றவங்க மூஞ்சியை ஒழுங்கா வச்சுக்குவாங்க, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிப்பாங்க. உங்க கை அந்த மெனு அட்டை மேல அப்படியே கிடந்துச்சு. அதனால நீங்க அவ இல்ல.

எவளுன்னு கேக்குறீங்களா? அதைக் கண்டுபிடிக்கத்தானே நாலு வாரமா இந்தத் தூணுக்குப் பின்னால தவம் கிடக்குறேன்.

என் வேலை அப்படிங்க. பெரிய துணிக்கடை, மூணாவது மாடி, ட்ரையல் ரூம் வாசல்ல ஒரு ஸ்டூல். அதுதான் என் சிம்மாசனம். ஆறு உருப்படி உள்ள போனா ஆறு வெளிய வரணும். ஆறு போயி அஞ்சு வந்துச்சுன்னா, ஒண்ணு உடம்புக்குள்ள இருக்குன்னு அர்த்தம். ஒருத்தி மூணு சட்டையை ஒண்ணுமேல ஒண்ணு போட்டு, மேல ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு, என்னைப் பாத்து சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு! அக்கா, எதுவும் சரியா வரலக்கான்னா. சரியா வந்ததெல்லாம் உன் மேலதானம்மா இருக்குன்னேன். அப்படிப்பட்ட என் கண்ணுக்கே தண்ணி காட்டப் பாக்குறார் என் வீட்டுக்காரர்.

ஆமா. அந்தச் சாம்பல் சட்டை என் வீட்டுக்காரர்தான். சொல்லலையா இன்னும்? கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.

ரெண்டு மாசமா சனிக்கிழமை ஆனா சாயங்காலம் கெளம்பிருவார். எங்கன்னு கேட்டா, கூட வேலை பாத்தவனைப் பாத்துட்டு வரேம்பார். சரி, ஆம்பள வீட்டுலயே அடைஞ்சு கிடந்தா எனக்கும் பிராணசங்கடம்தான், போயிட்டு வாங்கன்னு விட்டேன். அப்புறம் ஒருநாள் அந்த ஆளே மருந்துக்கடையில எதிர்ல வர்றார். என்னம்மா, அண்ணன் எப்படி இருக்கார், பாத்து நாலு மாசமாச்சேங்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேத்துதானே உங்க வீட்டுக்கு வந்தார்னு சொல்ல வாயெடுத்து, அப்படியே முழுங்கிட்டேன். வீட்டு மானம் இருக்கே. அடுத்த சனிக்கிழமை கடையில தலைவலின்னு லீவு சொல்லிட்டு, பின்னாலயே வந்தேன். இங்கதான் நுழைஞ்சார்.

பாட்டு கேக்க வந்திருப்பார்ங்கிறீங்க. நீங்க நல்லவங்க. நானும் முதல்ல அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா மேசையில என்ன இருக்குன்னு பாருங்க. எத்தனை கப்பு? ரெண்டா? ரெண்டு! ஒண்ணு அவர் முன்னால, இன்னொண்ணு காலி நாற்காலி முன்னால. ஒவ்வொரு வாரமும் இதே கதை. வந்து உக்காந்ததும் ரெண்டு விரலைக் காட்டுவார். ரெண்டு காபி வரும். அவர் ஒண்ணைக் குடிப்பார், இன்னொண்ணு ஆறி ஆடை கட்டிப் போய் அப்படியே திரும்பிப் போகும். யாருக்கு அது? யாரோ வர்றதாச் சொல்லியிருக்கணும். அவ இன்னும் வரலைன்னா, என்னைப் பாத்துட்டாள்னு அர்த்தம். அதான் நான் இவ்வளவு ஒளிஞ்சு உக்காந்திருக்கேன்.

இன்னொரு கொடுமையைக் கேளுங்க. அந்த ரெண்டாவது கப்பு மேல ஒரு சாசரைக் கவுத்து வச்சிருக்கார், தெரியுதா? ஆறிப் போகக் கூடாதாம்! வீட்டுல எனக்குப் பண்றது அது. நான் எப்பவும் காபிக்குக் கூப்பிட்டு பத்து நிமிஷம் கழிச்சுதான் வருவேன், ஒரு வேலையை அப்படியே போட்டுட்டு வர எனக்கு ஆகாது. அவர் ஒண்ணும் சொல்லாம சாசரைக் கவுத்து வச்சிருப்பார். இருபத்தாறு வருஷமா எனக்குப் பண்ணினதை இப்ப எவளுக்கோ பண்றார். வயிறு எரியுமா எரியாதா?

வந்துட்டாங்க, வந்துட்டாங்க. ஆரம்பிக்கப் போறாங்க. உங்களுக்கு இவங்களைத் தெரியாதில்ல? எல்லாரும் இந்தத் தெருக்காரங்கதான். அந்த கிட்டார்க்காரர் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார். அதனாலதான் எல்லாப் பாட்டையும் முப்பது கிலோமீட்டர் ஸ்பீடுலயே ஓட்டுவார். பெட்டி மேல உக்காந்து பெட்டியையே தட்டுறார் பாருங்க, அவர் பல் டாக்டர். வாரம் பூரா அடுத்தவங்களை அழ வச்சுட்டு சனிக்கிழமை வந்து தாளம் போடுறார். பாடுற பொண்ணு, நான் சொன்னேனே, அந்த மருந்துக்கடை, அங்க வேலை பாக்குறவ. முதல் வாரம் எனக்கு அவ மேலதான் சந்தேகம். என் வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை அங்கதானே வாங்குறது. ஒரு வாரம் பூரா அவளை உத்து உத்துப் பாத்தேன். பாவம், அவ பல் டாக்டரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. அது வேற கதை, நமக்கெதுக்கு.

ஓரமா நிக்கிறவர், அந்த ஒல்லி ஆள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வயலின். 

கொஞ்சம் சும்மா இருங்க, இந்தப் பாட்டைக் கேளுங்க. இது எனக்குப் பிடிக்கும்.

...

நல்லாயிருக்கில்ல? பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பாட்டுக்கும் ரொம்ப தூரம். நாலு வாரத்துக்கு முன்னாடி யாராவது வயலின்னு சொன்னாலே எனக்குப் பல் கூசும். இப்ப என்னடான்னா, துவைக்கும்போது இந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறேன். வேவு பாக்க வந்த இடத்துல எனக்கே இப்படி ஆயிப்போச்சு. நீன்னே கூப்பிடுறேன்மா, கோவிச்சுக்காதே, என் தங்கச்சி வயசுதான் இருக்கும் உனக்கு. நீங்க வாங்கன்னு பேசிக்கிட்டு மனசுல இருக்கறதைச் சொல்ல வர மாட்டேங்குது.

க்க்கும். இந்தத் தொண்டை வேற.

வயலின்னா ஏன் பல் கூசும்னா கேக்குற? அட, என் வீட்டுக்காரரும் வாசிச்சாரும்மா! ஏழு வருஷம். நாப்பத்தஞ்சு வயசுல திடீர்னு ஒருநாள் ஒரு பழைய வயலினைத் தூக்கிக்கிட்டு வந்தார். வாத்தியார் கிடையாது, போன்ல வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டார். காலையில அஞ்சரை மணிக்கு ஆரம்பிச்சா ஆறரை வரைக்கும். ஒரே பாட்டு. ஒரே வரி. ஏழு வருஷத்துல அந்த வரியைத் தாண்டல. கதவிடுக்குல பூனை மாட்டிக்கிட்ட சத்தம் இருக்கே, அது தேவலாம், பூனைன்னா எடுத்து விட்டுரலாம்.

இதுல அதிசயம் என்னன்னா, அவர் காது அப்பேர்ப்பட்ட காது. லிஃப்ட் மெக்கானிக் அவர். பதினாலு மாடிக் கட்டடத்துல கீழ நின்னு கதவுல காதை வச்சார்னா, ஒம்பதாவது மாடியில உருளை தேயுதும்பார். போய்ப் பாத்தா தேஞ்சிருக்கும். ஆயிரம் செருப்புச் சத்தத்துல என் செருப்பு மாடிப்படி ஏறுறதைக் கண்டுபிடிச்சு, நான் மணி அடிக்கறதுக்கு முந்தி கதவைத் திறப்பார். அந்தக் காதுக்கு அவர் வாசிக்கிறது மட்டும் கேக்கவே கேக்காது. கண்ணை மூடிக்கிட்டு சொர்க்கத்துல இருப்பார். நான் அடுப்படியில நரகத்துல இருப்பேன்.

இப்ப வாசிக்கிறதில்லம்மா. வயலின் போயிருச்சு. பஸ்ல. ரெண்டரை வருஷம் ஆச்சு. என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு திரும்பி வரும்போது சீட்டுக்கு அடியில வச்சது, இறங்கும்போது விட்டுப்போச்சு. பஸ் போயிருச்சு.

நல்லதாப் போச்சுன்னு நெனைச்சிருப்பேனான்னா? நெனைச்சேன். மறைக்க மாட்டேன். மறுநாள் காலையில அஞ்சரைக்கு முழிப்பு வந்துச்சு. ஒரு சத்தமில்ல. ஜன்னல்ல குருவி கத்துது. ஆகா, குருவி கத்துறதைக் கேட்டு ஏழு வருஷமாச்சேன்னு இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்தேன். அன்னிக்குத் தூங்கின மாதிரி என்னிக்கும் தூங்கல.

அப்புறம் என்ன ஆச்சுன்னா... உனக்கு நேரம் இருக்கில்ல? இரு, சொல்றேன். அவங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் குழிக்குள்ள ஒருத்தன் இறங்கணும்னா, மேல மோட்டார் ரூம்ல இருக்கவன் கரண்டை நிறுத்தி, சுவிட்சுல கையை வச்சுக்கிட்டு, நிறுத்தியாச்சுன்னு கத்தணும். கீழ இருக்கவன் கேட்டுச்சுன்னு திருப்பிக் கத்தணும். அந்தக் கேட்டுச்சு வர்ற வரைக்கும் மேல இருக்கவன் சுவிட்சுலேர்ந்து கையை எடுக்கக் கூடாது, கீழ இருக்கவன் காலை உள்ள வைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, அப்படியே நிக்கணும். போன் இருக்கே, வாக்கி டாக்கி இருக்கேன்னு நான் கேட்டிருக்கேன். பேட்டரி சாகும், தொண்டை சாகாதும்பார்.

அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துருச்சு. கெளம்புறேன்னு வாசல்லேர்ந்து கத்துவார், நான் அடுப்படியிலேர்ந்து கேட்டுச்சும்பேன். அடுப்பை அணைச்சிட்டேன், கேட்டுச்சு. கதவைச் சாத்திக்கோ, கேட்டுச்சு. பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பா, உங்க வீட்டுல என்னக்கா, புருஷன் பொண்டாட்டியா, ரயில்வே ஸ்டேஷனான்னு.

அந்த பஸ்ஸுக்கு அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகம் புகுந்துருச்சும்மா. அடுத்தவங்க மேல இல்ல, தன் வாய் மேல. அடுப்பை அணைச்சிட்டேன்னு நான் சொன்னேனாம்பார். சொன்னீங்களேம்பேன். நெஜமா சொன்னேனாம்பார். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, போயிட்டு வரேன்னு நான் சொன்னேனாம்பார். ஒருநாள் வேலையில, பதினோரு மாடிக்கு மேல நின்னு நிறுத்தியாச்சுன்னு கத்தியிருக்கார். கீழ இருந்தவனும் கேட்டுச்சுன்னு கத்தியிருக்கான். கத்தினப்புறமும் இவர் பதினோரு மாடி படியில இறங்கி வந்து, நான் சொன்னேனாப்பான்னு அவன் மூஞ்சியைப் பாத்துக் கேட்டிருக்கார். ஒரே நாள்ல மூணு தடவை. மறுநாள் போய் கருவிப் பையை மேசை மேல வச்சுட்டு வந்துட்டார். இருபத்தெட்டு வருஷ வேலை. ஏன்னு கேட்டேன். சொல்லிட்டோம்னு நெனைச்சுக்கிட்டு நான் சொல்லாம விட்டா, கீழ ஒருத்தன் உசுரு போயிருமேன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

டாக்டர்கிட்ட போகாம இருப்போமா? போனோம். தலையைப் படம் பிடிச்சாங்க, நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க. கடகடன்னு கழிச்சார். நான் பக்கத்துல உக்காந்து தொண்ணூத்து மூணுலயே நின்னுட்டேன். டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரி பாத்தார். ஐயாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா, ஞாபகம் கல்லு மாதிரி இருக்குன்னார். வெளிய வந்து இவர், டாக்டருக்குத் தெரியல, ஆரம்பத்துல யாருக்கும் தெரியாதும்மாங்கிறார்.

பாவமா? ம்ம். பாவம்தான். அதுக்காக ரெண்டு காபி வாங்கலாமா?

இப்ப கேளு, இப்ப கேளு. கண்ணாடிக் கடைக்காரர் வயலினைத் தனியா வாசிக்கப் போறார். கீழ இறங்கும்போது மட்டும் காதைக் குடு.

...

கேட்டியா? அந்தத் தடிச்ச கம்பிக்குப் போறப்ப, கூடவே வண்டு பறக்குற மாதிரி ஒரு ங்ங்ங்னு. கேக்கலையா? உனக்குக் கேக்காது. ஏழு வருஷம் அதைக் கேட்டே கண்ணு முழிச்சவ நான், எனக்குக் கேக்கும். முதல் வாரம் இங்க உக்காந்து அந்த வண்டு சத்தம் வந்ததும் எனக்குக் கையில முடியெல்லாம் நட்டுக்குச்சு. சத்தியமாச் சொல்றேன்.

அது எங்க வீட்டு வயலின்மா.

எப்படி அடிச்சுச் சொல்றேன்னா கேக்குற? அந்தக் கண்ணாடிக்காரர் வாசிச்சு முடிச்சு வயலினைக் கீழ இறக்குவார் பாரு, அப்ப முதுகுப் பக்கம், கழுத்துக்குக் கீழ ஒரு கறுப்பு. கட்டைவிரல் ரேகை. லிஃப்ட் கிரீஸ். என் வீட்டுக்காரர் ஒருநாள் ஆர்வக்கோளாறுல கை கழுவாம எடுத்துட்டார். நான் சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், போகல. அது அவர் விரல். எங்கேயோ பழைய சாமான் கடையில கிடைச்சுதுன்னு அந்தக் கண்ணாடிக்காரர் மைக்குல ஒரு வாரம் சொன்னார். ரொம்ப நல்ல வயலின், யாரோ அருமை தெரியாம விட்டுட்டாங்கன்னார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாம? ஒம்பதாவது மாடி உருளையைக் கேட்டவர். இந்த வழியா நடந்து போயிருப்பார், சத்தம் கேட்டிருக்கும், அப்படியே உள்ள வந்திருப்பார். அதுவரைக்கும் எனக்குப் புரியுது. வயலினைக் கேக்க வர்றார். சரி. அதே மரம்தான், அதே கம்பிதான், வேற கையில என்னமா பேசுது. எனக்கே கேக்க ஆசையா இருக்கே, அவருக்கு இருக்காதா? ஆனா அந்த ரெண்டாவது காபி? அதைச் சொல்லு. வயலினா காபி குடிக்கப் போகுது?

வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லலையே. நம்ம வயலின் இருக்கிற இடம் தெரிஞ்சிருச்சுன்னு பொண்டாட்டிகிட்டதானே முதல்ல ஓடி வந்து சொல்வான் ஒரு மனுஷன்? ஏன் சொல்லல? எதையோ மனசுல வச்சிருக்கார். அதுதான் என்னைப் போட்டுக் குடையுது. வேற எவகிட்டயோ சொல்லி ஆறுதல் தேடுறாரா, இல்ல என்னை... இல்ல, விடு.

போய் அது எங்க வயலின்னு கேக்க வேண்டியதுதானேன்னா? லேசாச் சொல்லிட்ட. கேட்டா, எப்படிப் போச்சுன்னு பேச்சு வரும். யாரு விட்டா, யாரு சொன்னா, யாரு சொல்லலன்னு வரும். எதுக்கு? பஸ்ல போனது போனதுதான்.

பாரு, இடைவேளை விட்டுட்டாங்க. காபி ஆறிப்போச்சுன்னு வேற கொண்டுவரச் சொல்றார் பாரு! அவருக்கு இல்ல, அந்த நாற்காலிக்கு! சூடா வாங்கி... சாசரைக் கவுத்து... இப்ப என்ன பண்றார்? கப்பைத் திருப்புறார். ஏன் திருப்புறார்? சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துத் தன் பக்கம் வச்சுக்கிட்டார். சர்க்கரை போடாதவளா அவ? சுகர் இருக்கும். இல்ல ஒல்லியா இருக்கணும்னு நெனைக்கிறவளா இருக்கும்.

என்னம்மா சிரிக்கிற? என்ன? மெதுவாச் சொல்லு.

கைப்பிடியா? கப்போட கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னா? அங்க உக்கார்றவங்களுக்கு... இடது பக்கம். ஆமா. அதனால?

நான் எந்தக் கையில குடிக்கிறேன்னு ஏன் கேக்குற? நான் பொறந்ததுலேர்ந்து இடது...

...

சர்க்கரை... ஆமா. நானும் போட்டுக்க மாட்டேன்.

இரு. இரும்மா, பேசாத.

நாலு வாரமா? நான் தூணுக்குப் பின்னால, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, வர்றவங்களையெல்லாம் மறைப்பா உக்கார வச்சு... க்க்கும். ஐயையோ. இந்தச் செருமல். பதினாலு மாடியைக் கேக்குற காது. நான் முதல் வாரம் உள்ள வந்து ஒரு தடவை செருமினப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அடப்பாவி மனுஷா. ட்ரையல் ரூம் வாசல்ல பதினெட்டு வருஷம் உக்காந்தவளை இப்படிப் பிடிச்சுட்டியே.

ஆனா எனக்கு முந்தியே ஒரு மாசம் இங்க வந்துக்கிட்டு இருந்தாரே, அப்ப... அப்பவும் ரெண்டு கப்புதானா? யாருக்குத் தெரியும். காபி கொண்டுவர்ற பையனைத்தான் கேக்கணும். கேக்க வேண்டாம். கேட்டா நான் அழுதுருவேன்.

ஏன் நேரா வந்து கூப்பிடலன்னா? கூப்பிட மாட்டார்மா. நான்தான் சொன்னேனே அவங்க வழக்கத்தை. மேல இருக்கவன் ஒரு தடவை கத்திட்டா, பதில் வர்ற வரைக்கும் சுவிட்சுல கையை வச்சுக்கிட்டு அப்படியே நிப்பான். அவர் அப்படித்தான் நிக்கிறார். காபியை வச்சுக்கிட்டு.

என்ன பதில்னா?

அன்னிக்கு என் தங்கச்சி வீட்டுல அவர் வாசிச்சார்மா. எல்லாரும் ரசிக்கிறாங்கன்னு நெனைச்சு வாசிச்சார். அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. தங்கச்சி புருஷன் சமையக்கட்டுக்கு வந்து பூனை மாதிரி கத்திக் காட்டினான். என் தங்கச்சி தரையில உக்காந்து சிரிச்சா. எனக்கு அங்கயே செத்துரலாம் போல இருந்துச்சு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. பஸ்ல வரும்போது, அடுத்த தடவை ரெண்டு பாட்டு வாசிக்கிறேன்னு சந்தோஷமா சொல்லிக்கிட்டு வர்றார். நிறுத்தம் வந்துச்சு. ரெண்டு கையிலயும் பையைத் தூக்கிக்கிட்டு இவர் முதல்ல இறங்கினார். படியில நின்னு திரும்பி, வயலின் பெட்டி சீட்டுக்கு அடியில இருக்கு, எடுத்துக்கோன்னு கத்தினார். நான் பெட்டியைப் பாத்தேன். வெறுங்கையோட இறங்கிட்டேன். பஸ் போனப்புறம், எடுத்துக்கச் சொன்னேனேன்னார். நீங்க சொல்லவேயில்லையேன்னேன்.

அவ்வளவுதான். ஒரு வாய் வார்த்தை. மறுநாள் நானே டிப்போவுல போய்க் கேக்குறேன்னு கெளம்பி, ஒரு மணி நேரம் பார்க்குல பெஞ்சுல உக்காந்திருந்துட்டு, அங்க இல்லையாம்னு வந்து சொன்னேன். ஒரு வாரத்துல மறந்துருவார்னு நெனைச்சேன். வேலையை விட்டுட்டு வந்து நின்னப்ப சொல்லியிருக்கலாம். டாக்டர் ரூம்ல சொல்லியிருக்கலாம். நாக்கு வரலம்மா. நாள் போகப் போக அது இன்னும் பெருசாயிருச்சு.

அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரியலம்மா. அவர் இன்னமும் தன் வாயைத்தான் சந்தேகப்படுறார். இன்னிக்குக்கூட கெளம்பும்போது பாதி வழியில திரும்பி வந்து கேட்டார், வரேன்னு சொன்னேனான்னு.

பையைக் கொஞ்சம் பாத்துக்கம்மா. இல்ல, கையைப் பிடிக்காத, பிடிச்சா நான் உக்காந்துருவேன். ரெண்டாவது பாதி ஆரம்பிக்கிறதுக்குள்ள போயிரணும். அந்தக் காபி சூடா இருக்கறப்பவே போகணும்.

எங்கிருந்து ஆரம்பிக்கப் போறேன்னா? எங்கயும் ஆரம்பிக்கல. எதிர்ல உக்காந்து, சாசரை எடுத்து வச்சுட்டு, அந்த பஸ் படியில அவர் கத்தினதுக்கு நான் சொல்லாம விட்டதை இப்பவாவது சொல்லிரணும்.

கேட்டுச்சுன்னு.